பின்சீட்டு ஹெல்மெட்

என் மனைவி ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது நான் கேட்டருகே போய் நிற்பேன். கேட்டைத் திறந்துவிடத்தான் நிற்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அதற்கும்தான். ஆனால் அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி, தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். சொந்த மனைவி வண்டி ஓட்டுவதைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போதெல்லாம் ஓட்டுகிறவன் நான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தக் கறுப்பு பைக் திருமணத்துக்கு முன்பே நான் வாங்கியது. கிக்கரை உதைத்தால்தான் கிளம்பும். சானடோரியத்தில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தினமும் அதில்தான் போவேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்தான். ஆனாலும் பைக்தான். மழை, வெயில் எதுவும் பொருட்டில்லை.

ஹெல்மெட் மட்டும் போட மாட்டேன். ஒன்று வாங்கி வைத்திருந்தேன், முழங்கையில் மாட்டிக்கொள்வேன். குரோம்பேட்டையில் போலீஸ் எங்கே நிற்பார்கள், எத்தனை மணிவாக்கில் சாப்பிடப் போவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் கண்ணில் படும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலையில் கவிழ்ப்பேன். தாண்டியதும் கழற்றுவேன். பின்னால் உட்காருகிறவர்களும் போட வேண்டும் என்று பிடிக்க ஆரம்பித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வீட்டிலும் ஆபீஸ் கேன்டீனிலும் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன்.

"என் தலை, என் இஷ்டம். நான் கீழ விழுந்தா எனக்குத்தான் அடி. இதுல கவர்மென்ட்டுக்கு என்ன வந்துது? ரோட்டுல பள்ளத்தை மூடச் சொல்லுங்க முதல்ல. இந்த வெயில்ல தலையில ஒரு குக்கரைக் கவுத்துக்கிட்டு எவன் ஓட்டுவான்? ஹாரன் சத்தமே கேக்காது."

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் சொன்னதில் பாதி சாக்கு. எனக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான். காலையில் ராஜேந்திர பிரசாத் சாலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்றுக்காக நான் எதையும் பேசுவேன். என் மனைவி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, என் தோளை ஒரு கையால் பிடித்தபடி வருவாள். அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். ஹெல்மெட் பற்றி அவளுடைய கருத்து என்ன என்று நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் அதே கேன்டீனில் எனக்கு வலிப்பு வந்தது. கையில் காபி டம்ளர் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கூரையில் சுற்றிய மின்விசிறியும், என்னைக் குனிந்து பார்த்த முகங்களும். நடுவில் ஒன்றுமே இல்லை. தலைசுற்றல் இல்லை, கண் இருட்டவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. இரண்டாவது முறை வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. எப்போதாவது தலையில் அடிபட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மனைவியும் இல்லை என்றாள். அது உண்மைதான். அத்தனை வருடம் ஹெல்மெட் போடாமல் ஓட்டியும் நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

"சிலருக்குக் காரணமே தெரியாது," என்றார் டாக்டர். "மாத்திரையை விடாம சாப்பிடுங்க. தூக்கம் கெடக் கூடாது. முக்கியமா, வண்டி ஓட்டக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"இப்போதைக்குக் கூடாது. பாக்கலாம்."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்தது ஆட்டோவில்.

பைக் வாசலிலேயே நின்றது. டயரில் காற்று இறங்கியது. பூனை சீட்டில் படுத்தது. ஒருநாள் என் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, மாடம்பாக்கத்தில் இருப்பவன். அவர்களுடைய அப்பா காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. என்னிடம் பிரியமாகத்தான் இருப்பான்.

"இன்னா மாமா, வண்டிய இப்டிப் போட்டு வெச்சிகினு கீறீங்க? ஓடாம நின்னா எஞ்சின் ஜாம் ஆயிடும். நான் எடுத்துக்கினு போய் ஓட்டிகினு இருக்கேன். உங்களுக்கு வேணும்னா ஒரு போன் போடுங்க, கொண்டாந்து நிறுத்திடறேன்."

நியாயமாகத்தான் பேசினான். சாவியைக் கொடுத்தேன். அவன் காற்றடித்து, உதைத்து, வெறும் தலையோடு ஏறி உட்கார்ந்து கிளம்பிப் போனான். முடி பறந்தது. அவனுக்கு முடி வேறு அதிகம்.

மனைவி ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வேறு வழியில்லை. பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. நான் சொல்லித்தருகிறேன் என்றேன். அவள் சரி என்றாள், ஆனால் கற்றுக்கொடுத்தது தம்பிதான். பின்னால் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிக்க ஆள் வேண்டுமாம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் பிளாட் போடாத ஒரு திடல் இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்று நான் பார்ப்பேன். இத்தனை வயதுக்கு மேல் அவளால் முடியாது என்றுதான் நினைத்தேன். முடியக் கூடாது என்றும் கொஞ்சம் நினைத்திருப்பேன். அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். திடலை வட்டமடித்து என்னைத் தாண்டிப் போகும்போது சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வண்டி வாங்கிய அன்றே இரண்டு ஹெல்மெட்டும் வாங்கினாள். அவளுக்குச் சிவப்பு. எனக்குச் சாம்பல் நிறம். நிறம் எது வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை.

முதல் பயணம் குரோம்பேட்டை மார்க்கெட்டுக்கு. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஸ்டார்ட் செய்யவில்லை.

"ஹெல்மெட்?"

"மார்க்கெட்டுக்குத்தானே?"

"போடுங்க."

"என் தலை..." என்று ஆரம்பித்தேன்.

"தலை உங்களுதுதான். வண்டி என்னுது. என் வண்டியில ஏறணும்னா போட்டுக்கணும். இல்லன்னா ஆட்டோ பிடிச்சு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பையன்களிடம் சொல்லும் குரல். இறங்கி உள்ளே போய்விடலாமா என்று யோசித்தேன். போட்டுக்கொண்டேன். பட்டையைப் பொருத்தத் தெரியவில்லை. அவள் திரும்பி, தாடைக்குக் கீழே கையை விட்டுக் கிளிக் என்று மாட்டினாள். எதிர்வீட்டு பால்கனியில் ஆள் இருந்ததா என்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

பின்சீட்டில் உட்காருகிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகும் ஹெல்மெட்டின் பின்புறமும்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அவள் பிரேக் பிடிக்கும் முன்னால் என் கால் தானாகவே கீழே அழுத்தும். அங்கே பிரேக் இருக்காது. முதலில் சில வாரங்கள் "லெஃப்ட்ல பாரு, ஸ்லோ பண்ணு, பஸ் வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருநாள் சேலையூர் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி, "நான் உங்க பின்னால உக்காந்து இப்படிப் பேசினேனா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அவள் நன்றாக ஓட்டினாள், அதுதான் எனக்குப் பிரச்சினை. மோசமாக ஓட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜிஎஸ்டி சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் பதற்றமில்லாமல் போவாள். எனக்குத் தெரியாத சந்துகள் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பள்ளியின் ஆசிரியைகள் நான்கைந்து பேர் சேர்ந்து கோவளத்துக்குப் போகத் தொடங்கினார்கள்.

"நானும் வரட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாரும் தனித்தனியா அவங்கவங்க வண்டியில வர்றோம்ங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அது என் காதில் எப்படி விழும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். "வேணும்னா வாங்க," என்றாள். நான் போகவில்லை.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்ப்பேன். பாதிப் பேர் ஹெல்மெட்டை டேங்க்மேல் வைத்திருப்பார்கள். ஹெல்மெட் போடு தம்பி என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. இறங்கு, நான் ஓட்டுகிறேன் என்றுதான் தோன்றும்.

ஒரு ஞாயிறு காலை குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். மனைவிக்கு ஏதோ வேண்டுதல், எனக்காகத்தான். மச்சினனும் வந்தான், என் பைக்கில். சைலன்சரை மாற்றியிருந்தான். டப் டப் என்று இருந்த சத்தம் உறுமலாக ஆகியிருந்தது. தலையில் ஒன்றும் இல்லை. பல்லாவரம் தாண்டும்வரை எங்களுக்குப் பக்கத்திலேயே வந்தான். நான் சாம்பல் நிற ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என் வண்டியில் போகும் அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பம்மலில் மடக்கினார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், கூட ஒரு கான்ஸ்டபிள். எங்களைப் பார்த்துப் போகலாம் என்று கை காட்டினார்கள். மச்சினனை ஓரம் கட்டச் சொன்னார்கள். மனைவி கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"ஹெல்மெட் எங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"வூட்ல கீது சார்."

"வூட்ல எதுக்குக் கீது? வூட்டுக்குள்ளயா ஓட்டுறே?"

மச்சினன் சிரித்துப் பார்த்தான். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. உடனே இவன் பேச ஆரம்பித்தான்.

"சார், என் தலை, என் இஷ்டம் சார். நான் விழுந்தா எனக்குத்தான அடி? ரோட்டுல பள்ளத்த மூடுங்க மொதல்ல. இந்த வெயில்ல தலையில குக்கர் மாதிரி ஒண்ணைக் கவுத்துக்கினு எப்டி சார் ஓட்றது? ஆரன் சத்தமே கேக்காது சார்."

எல்லாம் நான் சொன்னவை. எங்கள் வீட்டு ஹாலில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சொன்னவை. வண்டிதான் போயிற்று என்று நினைத்திருந்தேன். பேச்சையும் அவனே எடுத்துக்கொண்டான். என்னைவிட நன்றாகவே பேசினான்.

"இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மெஷினைத் தட்டிக்கொண்டே. "ஃபைன் போட்டாச்சு. ஆனா வண்டி இப்படிப் போவாது. யார்கிட்டயாவது ஹெல்மெட் கொண்டுவரச் சொல்லு. தலையில மாட்டு. அப்புறம் எடு."

மாடம்பாக்கத்திலிருந்து யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெல்மெட் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மச்சினன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்கதான் ஹெல்மெட் போட்டுக்கினு கீறீங்களே. வண்டிய எடுத்துக்கினு அந்தத் திருப்பம் வரைக்கும் வாங்க. நான் நடந்தே வந்துடறேன். அங்க வண்டிய வாங்கிக்கறேன்." சாவியை என் கையில் வைத்தான்.

நான் ஓட்டக் கூடாது என்பதை அவன் மறந்தே போயிருந்தான். அல்லது மறந்ததுபோல் நடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். என் நரைத்த மீசை, தாடைக்குக் கீழே ஒழுங்காகப் பூட்டிய பட்டை. "சார் ஹெல்மெட்டோட இருக்காரு. நீங்க எடுத்துட்டுப் போங்க சார்," என்றார் மரியாதையாக. அந்தச் சாலையில் வண்டி ஓட்டத் தகுதியான ஆள் நான்தான் என்று சட்டமே சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட ஆசை வந்தது.

ஏறி உட்கார்ந்தேன். கால் தானாக கிக்கரைத் தேடியது. ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கைப்பிடி வழியாக அந்த அதிர்வு தோள்வரைக்கும் ஏறியது. எத்தனை மாதம் ஆயிற்று.

மனைவி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"அந்தத் திருப்பம் வரைக்கும்தான்."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

வேண்டாம் என்பாள், சாவியைப் பிடுங்குவாள், கான்ஸ்டபிளிடம் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை போடத் தயாராக இருந்தேன்.

"உங்க இஷ்டம்," என்றாள். திரும்பிப் போய் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் விட்டுவிட்டாள். நான் கிளட்சைப் பிடித்து கியரைப் போட்டேன். எதிரே ஞாயிற்றுக்கிழமைப் பம்மல். கறிக்கடை வாசலில் கூட்டம், தூக்குப் பாத்திரத்தோடு ரோட்டைக் கடக்கிறவர்கள், முன்னால் ஒரு குழந்தையை நிறுத்திக்கொண்டு மொபெட்டில் போகும் அப்பா. எனக்குக் காபி டம்ளர் ஞாபகம் வந்தது. கையில் இருந்தது, அப்புறம் கூரை. நடுவில் எதுவும் இல்லை. அது இப்போது வந்தால் எனக்குத் தெரியாது. ரோட்டில் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கியரை எடுத்து சாவியைத் திருகி அணைத்தேன். பயம், அவ்வளவுதான். பெருந்தன்மை எல்லாம் இல்லை.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்தேன். "நீயே போட்டுக்கிட்டு ஓட்டு."

"அப்போ நீங்க மாமா?"

ஹெல்மெட் இல்லாமல் நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார முடியாது. இரண்டு போலீஸ்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனைவி, "வண்டிய இங்க விட்டுட்டு நானும் உங்களோட பஸ்ல வரேன்," என்றாள்.

"வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

குன்றத்தூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அனகாபுத்தூர் சிக்னலில் பஸ் நின்றபோது கீழே பார்த்தேன். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். என் பைக், என் ஹெல்மெட், என் மனைவி. அவன் ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். திடலில் கேட்ட அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும். பஸ் கண்ணாடி வழியாகக் கேட்கவில்லை. பச்சை விழுந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டார்.

மலையடிவாரத்தில் மனைவி மட்டும் நின்றிருந்தாள், கையில் பூவும் தேங்காயும். தம்பி டீ குடிக்கப் போயிருந்தான்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன?"

"பொறாமை," என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "உன்னைப் பார்த்தா. உன் தம்பியைப் பார்த்தா. ரோட்டுல போற எல்லாரையும் பார்த்தா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தேங்காய்ப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் இருந்துது. உங்க முதுகைப் பாத்துக்கிட்டே எத்தனை வருஷம் வந்தேன். கல்யாணம் ஆன புதுசுல ஒருதரம் கேட்டேன், எனக்கும் கத்துக் குடுங்கன்னு. நான்தான் இருக்கேனே, உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் பொய் சொல்ல மாட்டாள். அவளுக்குப் பொறாமை இருந்தது என்று கேட்டதும் எனக்கு ஒருவிதமான திருப்தி வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் படியேறினேன்.

தரிசனம் முடிந்து இறங்கியதும் மச்சினன் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தான். "உள் ரோட்ல போய்டறேன் மாமா, அங்கலாம் போலீஸ் இருக்காது," என்று வெறும் தலையோடு உறுமிக்கொண்டு போனான். ஹெல்மெட்டுக்குள் அவனுடைய தலைக்குப் போடும் ஜெல்லின் வாசனை. வீடு வரும்வரை அதை முகர்ந்துகொண்டே வந்தேன்.

போன மாதம் டாக்டரைப் பார்த்தோம். வலிப்பு திரும்ப வரவில்லை, நல்ல விஷயம் என்றார். வண்டி பற்றிக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம் என்றார்.

வெளியே வந்து நான் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள். "அந்த பைக்கைத் தம்பிகிட்ட இருந்து திருப்பி வாங்கிடலாமா?"

"வாங்கி? வாசல்ல நிறுத்தவா?"

"கியர் வண்டி எனக்குத் தெரியாது. நீங்க கத்துக் குடுங்க. திடல்ல நின்னு சொன்னாப் போதும்."

அந்த வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், குளிரில் எப்படி உதைத்தால் கிளம்பும் என்பது மச்சினனுக்கும் சரியாகத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவளுக்குச் சொல்லிவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்? அதன் பிறகு இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டாள். யோசிக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மச்சினனுக்கு மட்டும் போன் போட்டு, பழைய சைலன்சர் இன்னும் இருக்கிறதா, எறிந்துவிட்டாயா என்று கேட்டேன். இருக்கிறது என்றான்.